4 டிபி ஹார்ட் டிஸ்க் ஒரு நாள் இருக்கிறது, ஒரு நாள் இல்லை: டிஸ்க் போய்விட்டதா, இணைப்புக் கோளாறா?

1. தென்காசி கேமரா (செவ்வாய், இரவு 10.40)

வணக்கம். நான் கல்யாண ஃபோட்டோ, வீடியோ எடுக்கிறவன். எடிட்டிங்குக்கு ஒரு டெஸ்க்டாப் வைத்திருக்கிறேன். 2017 இல் அசெம்பிள் செய்தது. ஏழாம் தலைமுறை ஐ5, பி250 மதர்போர்டு, 450 வாட் எஸ்எம்பிஎஸ் (உள்ளே எல்லாவற்றுக்கும் கரண்ட் கொடுக்கும் பெட்டி). உள்ளே விண்டோஸ் 10 இருக்கும் 240 ஜிபி எஸ்எஸ்டி, பழைய 1 டிபி ஹார்ட் டிஸ்க், 2021 இல் சேர்த்த 4 டிபி ஹார்ட் டிஸ்க், ஒரு டிவிடி ரைட்டர். போன வருடம் கிராஃபிக்ஸ் கார்டும் போட்டேன்.

அந்த 4 டிபி இரண்டு வாரமாக ஆட்டம் காட்டுகிறது. வேலை ஓடிக்கொண்டிருக்கும்போதே இ டிரைவ் காணாமல் போகிறது. ரீஸ்டார்ட் செய்தால் சில சமயம் வரும். சில சமயம் பயாஸிலேயே (விண்டோஸுக்கு முன்னால் வரும் மதர்போர்டின் அமைப்புத் திரை) இருக்காது. நேற்று வந்தது, ஆனால் "இந்த டிஸ்க்கை ஃபார்மேட் செய்த பிறகே பயன்படுத்த முடியும்" என்று விண்டோஸ் கேட்டது. பயந்துபோய் கேன்சல் அழுத்தினேன். மறுபடி ஆன் செய்தபோது எல்லா ஃபோல்டரும் அப்படியே இருந்தன.

இன்னொரு விநோதம். கேபினெட்டின் பக்கவாட்டு மூடியைக் கழற்றி வைத்துப் பார்த்த ஞாயிற்றுக்கிழமை முழுக்க ஒழுங்காக ஓடியது. தற்செயலாக இருக்கலாம்.

இங்கே ஒரு கடையில் கேட்டேன். பெட்டியைத் திறக்காமலே "டிஸ்க் முடிந்தது, புதுசு வாங்குங்கள், டேட்டா வேண்டுமானால் ரெக்கவரிக்கு மதுரைக்கு அனுப்ப வேண்டும்" என்றார்கள். அதில் ஆல்பம் கொடுக்க வேண்டிய இரண்டு கல்யாணங்கள் இருக்கின்றன. ஒன்றுக்கு மட்டும்தான் மெமரி கார்டு இன்னும் அழிக்கப்படாமல் இருக்கிறது. தூக்கம் வரவில்லை. யாராவது வழி சொல்லுங்கள்.

2. வேகப்புலி (செவ்வாய், இரவு 10.52)

விண்டோஸோடு வரும் டிஸ்க் பழுதுபார்க்கும் கருவி, செக் டிஸ்க், அதை ஓட்டுங்கள் நண்பா. ஸ்லாஷ் எஃப், ஸ்லாஷ் ஆர் இரண்டும் சேர்த்து. எனக்கு அதில்தான் சரியானது.

3. ஈரோடு சர்வீஸ் (செவ்வாய், இரவு 11.15)

தம்பி, தயவுசெய்து செக் டிஸ்க் வேண்டாம். வேகப்புலி கோபித்துக்கொள்ளக் கூடாது, அது நல்ல கருவிதான். ஆனால் டிஸ்க் சொல்வதெல்லாம் உண்மை என்று நம்பித்தான் அது வேலை செய்யும். இணைப்பு விட்டுவிட்டு வரும்போது ஓட்டினால், பாதி படித்ததை வைத்துக்கொண்டு கோப்பு அட்டவணையைத் திருத்தி எழுதிவிடும். அப்புறம் டிஸ்க் நன்றாகவே இருந்தாலும் மணமகள் ஃபோல்டர் பெயரில்லாத துண்டுகளாகக் கிடக்கும்.

அதேபோல ஃபார்மேட் கேட்டாலும், டிஸ்க் மேனேஜ்மென்டில் இனிஷியலைஸ் செய்யவா என்று கேட்டாலும் கேன்சல் மட்டும்தான். நீங்கள் பயந்தது நல்லதாகப் போயிற்று. விண்டோஸால் கோப்பு அமைப்பைப் படிக்க முடியாத நேரத்தில் கேட்கிற கேள்வி அது. டேட்டா அழிந்துவிட்டது என்று அர்த்தமில்லை.

இப்போது டிஸ்க் தெரிகிறதா? தெரிந்தால் வேறு எதுவும் செய்யாமல் முதலில் அந்த இரண்டு கல்யாணத்தையும் காப்பி எடுங்கள். கார்டு அழித்துவிட்ட கல்யாணம் முதலில். வெளியே யுஎஸ்பி டிஸ்க் இருந்தால் அதில், இல்லாவிட்டால் 1 டிபியில். நோய் என்னவென்று அப்புறம் பார்க்கலாம்.

எடுத்து முடித்ததும் இதெல்லாம் சொல்லுங்கள். டிஸ்க் காணாமல் போகும் நேரத்தில் என்ன சத்தம் வருகிறது? டக் டக் என்று ஒரே தாளத்தில் அடித்துக்கொண்டே இருக்கிறதா, அல்லது ஒரே ஒரு தடவையா? சாட்டா கேபிளை, அதாவது டிஸ்க்கையும் மதர்போர்டையும் இணைக்கும் டேட்டா ஒயரை, எப்போதாவது மாற்றினீர்களா? கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்று ஒரு இலவச மென்பொருள் இருக்கிறது, அதில் அந்த 4 டிபியின் பக்கத்தைப் படம் எடுத்துப் போடுங்கள்.

4. தென்காசி கேமரா (புதன், காலை 9.05)

அண்ணே, ரொம்ப நன்றி. இரவே உட்கார்ந்து கார்டு இல்லாத கல்யாணத்தை 1 டிபிக்கு மாற்றிவிட்டேன். 210 ஜிபி. நடுவில் ஒரு தடவை நின்றது, ரீஸ்டார்ட் செய்து விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தேன். பாதி உயிர் வந்தது.

சத்தம்: தொடர்ந்து டக் டக் இல்லை. காணாமல் போகும்போது ஒரே ஒரு "டிக்", அப்புறம் விமானம் கிளம்புகிற மாதிரி "உய்ய்" என்று மெல்ல ஏறும் சத்தம். கேபிள் மாற்றியதில்லை, மதர்போர்டில் போர்ட் மட்டும் ஒரு தடவை மாற்றிப் பார்த்தேன், பலன் இல்லை.

படம் போட்டிருக்கிறேன். மேலே நீலத்தில் "குட்" என்றுதான் இருக்கிறது. ஆனால் கீழே சி7 என்ற வரியில் 5சிஏ என்று எண்ணுக்குள் எழுத்து வந்திருக்கிறது. எழுத்து வந்தால் கோளாறு என்று அர்த்தமா? பவர் ஆன் கவுண்ட் 1852.

5. முனையம் (புதன், காலை 10.30)

எழுத்து வந்தால் கோளாறு இல்லை, அது பதினாறை அடிப்படையாகக் கொண்ட எண் (ஹெக்ஸாடெசிமல்), பத்து முதல் பதினைந்து வரை எழுத்தால் குறிப்பார்கள். அந்த மென்பொருள் வழக்கமாக அப்படித்தான் காட்டும். மெனுவில் ஃபங்ஷன், அட்வான்ஸ்டு ஃபீச்சர், ரா வேல்யூஸ் போய் 10 டெசிமல் என்று மாற்றினால் நம் எண்ணாகத் தெரியும். உங்கள் 5சிஏ என்பது 1482.

இப்போது அர்த்தம். 05 என்ற வரி, கெட்டுப்போனதால் வேறு இடத்துக்கு மாற்றப்பட்ட செக்டர்கள். சி5 என்பது படிக்க முடியாமல் சந்தேகத்தில் நிற்கும் செக்டர்கள். சி6 என்பது கைவிடப்பட்டவை. உங்களுக்கு மூன்றும் சுழியம். டிஸ்க்குக்குள் சுழலும், டேட்டா எழுதப்படும் தட்டில் காயம் இருந்தால் இந்த மூன்றில் ஏதாவது ஒன்றாவது பேசியிருக்கும், குறிப்பாக சி5.

சி7 வேறு ஜாதி. டிஸ்க்குக்கும் மதர்போர்டுக்கும் இடையே போகும் ஒவ்வொரு பொட்டலத்தின் கடைசியிலும் ஒரு சரிபார்ப்பு எண் ஒட்டி அனுப்பப்படும். போய்ச் சேர்ந்த இடத்தில் கணக்குப் போட்டுப் பார்க்கும்போது அது ஒத்துவராவிட்டால் திரும்ப அனுப்பச் சொல்வார்கள். அப்படி ஒத்துவராமல் போன தடவைகளின் எண்ணிக்கைதான் சி7. தட்டில் எழுதியதும் படித்ததும் சரி, வழியில்தான் சிதைந்தது. வழி என்றால் பெரும்பாலும் கேபிள், அல்லது அதன் இரண்டு முனைகள்.

ஒரு எச்சரிக்கை: இந்த எண் ஏறுமே தவிர இறங்காது. கேபிளை மாற்றினாலும் 1482 அப்படியே நிற்கும். அதைப் பார்த்து "இன்னும் கோளாறு" என்று பதற வேண்டாம். ஏறுகிறதா என்பதுதான் கேள்வி.

6. பி67 பழசு (புதன், பகல் 12.10)

மதர்போர்டின் சாட்டா போர்ட்டே கெட்டிருக்கலாமே? ஒரு காலத்தில் இன்டெல் சிப்செட்டிலேயே (மதர்போர்டின் போர்ட்டுகளைக் கட்டுப்படுத்தும் சிப்) அந்தக் கோளாறு இருந்து போர்டுகளைத் திரும்ப வாங்கினார்களே.

7. ஈரோடு சர்வீஸ் (புதன், பகல் 1.40)

நல்ல ஞாபகம். அது 2011. கூகர் பாயின்ட் என்ற 6 வரிசை சிப்செட், அதாவது பி67, எச்67 போர்டுகள். கடைக்கு வந்து மூன்று வாரத்தில், ஜனவரி 31 அன்று, இன்டெல்லே அறிவித்தது. சாட்டா போர்ட்டுகள் நாள்பட நாள்பட பலவீனமாகும், அதுவும் 3 ஜிபிட் போர்ட்டுகள் நான்கு மட்டும். 6 ஜிபிட் போர்ட்டுகள் இரண்டுக்கும் ஒன்றும் ஆகாது. பழுதுபார்க்கவும் மாற்றிக் கொடுக்கவும் 70 கோடி டாலர் ஆகும் என்று அவர்களே கணக்குச் சொன்னார்கள். திருத்திய சிப்புக்கு பி3 என்று பெயர். அந்தக் காலத்துப் போர்டு அட்டைப் பெட்டிகளில் "பி3" என்று பெரிதாக ஸ்டிக்கர் ஒட்டியிருப்பார்கள், பார்த்திருப்பீர்கள்.

தம்பியின் போர்டு பி250. அந்தக் கதை இதற்குப் பொருந்தாது. போர்ட் மாற்றியும் பலன் இல்லை என்று வேறு சொல்லியிருக்கிறார்.

இதோடு சேர்ந்த ஒன்று, தேடி வருகிறவர்களுக்காகச் சொல்லிவைக்கிறேன். மதர்போர்டிலேயே நேராகச் செருகும் எம்.2 எஸ்எஸ்டி புதிதாகப் போட்ட மறுநாள் ஹார்ட் டிஸ்க் மறைந்தால் அது பழுதே இல்லை. பல போர்டுகளில் எம்.2 ஸ்லாட்டும் ஏதோ ஒரு சாட்டா போர்ட்டும் ஒரே பாதையைப் பங்குபோட்டுக்கொள்ளும். ஸ்லாட்டில் ஆள் வந்தால் அந்த போர்ட் செத்துவிடும். எந்த போர்ட் என்று போர்டின் மேனுவலில் இருக்கும். வேறு போர்ட்டில் செருகினால் முடிந்தது. வாரத்துக்கு ஒருவராவது இதற்காக டிஸ்க்கைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வருகிறார்.

தென்காசித் தம்பிக்கு எம்.2 இல்லை. கேபிளை மாற்றுங்கள். உலோகக் கொக்கி வைத்தது வாங்குங்கள். சாட்டா கேபிள் ஒரு மீட்டருக்கு மேல் போகக் கூடாது, டெஸ்க்டாப்புக்கு அரை மீட்டரே தாராளம். அந்த முனைகளைச் சுமார் ஐம்பது தடவை செருகி எடுக்கத்தான் வடிவமைத்திருக்கிறார்கள். ரப்பர் பேண்ட் போட்டு மடித்துக் கட்டிவைக்கும் பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள்.

8. தென்காசி கேமரா (வியாழன், மாலை 6.20)

120 ரூபாய்க்குக் கொக்கி வைத்த கேபிள் வாங்கிப் போட்டேன். பழைய கேபிளைக் கழற்றும்போது அது சும்மா கையோடு வந்துவிட்டது, பிடிப்பே இல்லை. இரண்டாவது கல்யாணமும் காப்பி ஆகிவிட்டது, 170 ஜிபி ஒரே ஓட்டமாக. சி7 அதே 1482. தீர்ந்தது! அண்ணனுக்கும் முனையத்துக்கும் ரொம்ப ரொம்ப நன்றி. தலைப்பில் "தீர்ந்தது" என்று சேர்த்துவிடலாமா?

9. ஈரோடு சர்வீஸ் (வியாழன், இரவு 8.00)

ஒரு வாரம் பொறுங்கள். அந்த "உய்ய்" சத்தம் எனக்கு இன்னும் உறுத்துகிறது.

10. தென்காசி கேமரா (ஞாயிறு, பகல் 2.15)

அண்ணே, உங்கள் நாக்கில் சனி. இன்றைக்குப் புது நிகழ்ச்சியை ஏற்றிக்கொண்டிருந்தபோது மறுபடி போய்விட்டது. அதே டிக், அதே உய்ய். சி7 மட்டும் 1484, இரண்டுதான் ஏறியிருக்கிறது.

மூன்று நாள் ஒழுங்காக ஓடியதே!

11. அரைகுறை (ஞாயிறு, பகல் 2.40)

டிஸ்க்கை பிளாஸ்டிக் பையில் சுற்றி ஃபிரீசரில் ஒரு இரவு வைத்துப் பாருங்கள். அல்லது ஓரத்தில் லேசாகத் தட்டுங்கள். என் மாமா அப்படித்தான் எடுத்தார்.

12. முனையம் (ஞாயிறு, பகல் 3.05)

வேண்டாம், வேண்டவே வேண்டாம். ஃபிரீசரிலிருந்து வெளியே எடுத்ததும் சொம்பில் வேர்ப்பது போல டிஸ்க்கும் வேர்க்கும். அந்த ஈரம் சர்க்யூட்டிலும் உள்ளேயும் படியும். நம் ஊர்க் காற்றில் கேட்கவே வேண்டாம். தட்டினால், தட்டுக்கு மேலே முடியை விட மெல்லிய இடைவெளியில் மிதக்கும் ஹெட், அதாவது படித்து எழுதும் பகுதி, கீறிவிடும். இப்போது நல்ல டிஸ்க்காக இருப்பதை நாமே கொன்றதாக ஆகும்.

கேமரா, ஒரு சின்னக் கணக்குப் போடலாம். புதன்கிழமை நீங்கள் போட்ட படத்தில் பவர் ஆன் கவுண்ட் 1852. இப்போது எவ்வளவு? இடையில் கம்ப்யூட்டரை எத்தனை தடவை ஆன் செய்திருப்பீர்கள், தோராயமாகச் சொல்லுங்கள். ஸ்லீப்பில் போட்டு எழுப்பியதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

13. தென்காசி கேமரா (ஞாயிறு, பகல் 3.20)

இப்போது 1879. ஆன் செய்தது ஒரு நாளைக்கு இரண்டு தடவை, கூடிப்போனால் மூன்று. மொத்தம் பத்து பன்னிரண்டுக்கு மேல் இருக்காது. ஸ்லீப்பில் போடுவதில்லை, நேராக ஷட் டவுன்தான்.

14. முனையம் (ஞாயிறு, பகல் 3.45)

பத்துப் பன்னிரண்டு தடவை ஆன் செய்த பெட்டிக்குள் இருக்கும் டிஸ்க் இருபத்தேழு தடவை புதிதாக மின்சாரம் பெற்றதாகச் சொல்கிறது. பெட்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே டிஸ்க்குக்கு மட்டும் கரண்ட் போய் வருகிறது.

உறுதி செய்துகொள்ள ஒரு வழி. உள்ளேயே ஒப்பிட ஒரு ஆள் இருக்கிறாரே, உங்கள் எஸ்எஸ்டி. இரண்டின் எண்ணையும் இன்று குறித்துவைத்து, செவ்வாய்க்கிழமை மறுபடி பாருங்கள். இரண்டும் ஒரே பெட்டியில் ஒரே எஸ்எம்பிஎஸ்ஸில் இருக்கின்றன. ஏறினால் சேர்ந்துதான் ஏற வேண்டும்.

சிலர் கேட்பார்கள் என்பதால்: சும்மா இருந்தால் இருபது நிமிடத்தில் ஹார்ட் டிஸ்க்கை ஓய்வுக்கு அனுப்பும் அமைப்பு விண்டோஸில் உண்டு. அதில் மோட்டார் நின்று மறுபடி ஓடும், ஆனால் கரண்ட் போகாது. அது 04 என்ற வரியில், நின்று கிளம்பிய கணக்கில் ஏறும். பவர் ஆன் கணக்கில் ஏறாது. அதனால்தான் இந்த எண்ணைப் பிடித்தேன்.

ஈவன்ட் வியூவரையும் திறந்து, விண்டோஸ் லாக்ஸ், சிஸ்டம் போய், "டிஸ்க்" என்ற பெயரில் 157 என்ற எண் இருக்கிறதா பாருங்கள். ஓடிக்கொண்டிருக்கும் டிஸ்க்கைச் சொல்லாமல் கொள்ளாமல் பிடுங்கினால் விண்டோஸ் எழுதிவைக்கும் குறிப்பு அது. கேபிள் மட்டும் மோசமாக இருந்தால் பெரும்பாலும் 153 அல்லது 129 தான் குவியும். அவை "கேட்டேன், பதில் இல்லை, மறுபடி கேட்டேன்" வகை.

15. தென்காசி கேமரா (செவ்வாய், இரவு 9.10)

எஸ்எஸ்டி: 2911 இலிருந்து 2914. ஹார்ட் டிஸ்க்: 1879 இலிருந்து 1887. இது மூன்று ஏறினால் அது எட்டு!

157 வரிசையாக இருக்கிறது. பதினேழு எண்ணினேன், அப்புறம் எண்ணவில்லை. 153ம் இருக்கிறது, ஆனால் கேபிள் மாற்றிய வியாழனுக்குப் பிறகு ஒன்றுகூட இல்லை.

16. ஈரோடு சர்வீஸ் (செவ்வாய், இரவு 9.50)

சபாஷ் முனையம். 27 வருடமாக ஸ்க்ரூ டிரைவர் பிடிக்கிறேன், எஸ்எஸ்டியோடு ஒப்பிட்டுப் பார்க்கத் தோன்றியதே இல்லை. நாளையிலிருந்து நானும் செய்வேன்.

ஆக தம்பியிடம் இருந்தவை இரண்டு கோளாறுகள். ஒன்று டேட்டா கேபிள், அது போன வியாழனோடு முடிந்தது. இன்னொன்று கரண்ட் பக்கம். "டிக்" என்பது கரண்ட் போனதும் ஹெட் தன் ஓரத்துக்குத் திரும்பி ஒதுங்கும் சத்தம். "உய்ய்" என்பது மோட்டார் நின்றதிலிருந்து மறுபடி கிளம்பும் சத்தம். அதையும் விட, மூடியைக் கழற்றினால் ஓடுகிறது என்று முதல் பதிவிலேயே எழுதியிருக்கிறீர்கள். தற்செயல் என்று நீங்கள் சொன்னீர்கள், நானும் படித்துவிட்டுக் கடந்து போய்விட்டேன். அங்கேயே நின்றிருக்க வேண்டும்.

பெட்டியை அணைத்து, பிளக்கைப் பிடுங்கிவிட்டு, 4 டிபிக்குப் பின்னால் அகலமான கறுப்பு முனை எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து நேராகவா, நடுவில் ஏதாவது இணைப்புத் துண்டு வைத்தா? படம் போடுங்கள்.

17. தென்காசி கேமரா (செவ்வாய், இரவு 10.30)

நடுவில் துண்டு இருக்கிறது. எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து வரும் வெள்ளை நாலு முள் முனையில் செருகி, மறுபக்கம் இந்தக் கறுப்பு முனை. எஸ்எம்பிஎஸ்ஸில் மூன்று சாட்டா பவர் முனைதான் இருந்தது. எஸ்எஸ்டி, 1 டிபி, டிவிடி மூன்றும் எடுத்துக்கொண்டதால் 4 டிபிக்குக் கடைக்காரர் இதைப் போட்டுக் கொடுத்தார், இப்போது ஞாபகம் வருகிறது.

மூடியைப் போட்டால் அது சரியாக இந்த முனையின் முதுகில் அழுத்துகிறது. ஒயர் உள்ளே மடங்குகிறது. கழற்றிப் பார்த்தேன். ஒரு ஓரத்தில் பிளாஸ்டிக் பழுப்பு நிறத்தில், லேசாகக் கருகின வாடை. படத்தைப் பாருங்கள், கை நடுங்குகிறது.

18. ஈரோடு சர்வீஸ் (செவ்வாய், இரவு 10.45)

அதை மறுபடி செருகாதீர்கள். இன்று இரவு பெட்டியை ஆன் செய்யவும் வேண்டாம்.

படத்தில் இருப்பது அச்சில் வார்த்த வகை. ஒயர்களை வைத்து மேலே பிளாஸ்டிக்கை உருக்கி ஊற்றிவிடுவார்கள், பின்பக்கம் மொழுக்கென்று ஒரே கட்டியாக இருக்கும். உள்ளே ஒயர் எங்கே நிற்கிறது என்று வெளியே தெரியாது. சூட்டிலும் இழுப்பிலும் அது நகர்ந்து, பிடி தளர்ந்து கரண்ட் விட்டுவிட்டு வரும். அதுவும் போகட்டும், பக்கத்து ஒயரைத் தொட்டால் நேராக ஷார்ட், நெருப்பு. அந்த முனையில் 15 தகடு: 3.3, 5, 12 வோல்ட்டுக்கு மூன்று மூன்று, மீதி பெரும்பாலும் எர்த். நெருக்கியடித்து நிற்கிறவை. இன்னொரு வகையில் ஒவ்வொரு ஒயரும் பின்னாலிருந்து குத்தி இறக்கியிருக்கும், மூடி தனியாகக் கழன்று வரும். இணைப்புத் துண்டு வைத்தே ஆக வேண்டுமென்றால் அந்த வகைதான்.

உங்களுக்கு அதுவும் தேவையில்லை. டிவிடி ரைட்டரைக் கடைசியாக எப்போது பயன்படுத்தினீர்கள்?

19. தென்காசி கேமரா (செவ்வாய், இரவு 10.50)

2019. கல்யாண வீடியோவை இப்போது பென் டிரைவில்தான் கேட்கிறார்கள்.

20. ஈரோடு சர்வீஸ் (செவ்வாய், இரவு 10.55)

அப்புறம் என்ன. அதன் முனையைப் பிடுங்கி இதற்குக் கொடுங்கள். செலவு சுழியம்.

21. வேகப்புலி (புதன், காலை 8.30)

ஏழு வருட எஸ்எம்பிஎஸ், அதுவும் கிராஃபிக்ஸ் கார்டு சேர்த்த பிறகு. எஸ்எம்பிஎஸ்ஸையே மாற்றச் சொல்லாமல் முனையை மட்டும் மாற்றச் சொல்வது அரைவைத்தியம் இல்லையா? கார்டு இழுக்கிற இழுப்பில் 12 வோல்ட் இறங்கினாலும் டிஸ்க் இப்படித்தான் நிற்கும்.

22. ஈரோடு சர்வீஸ் (புதன், காலை 9.15)

கேள்வி நியாயம். 3.5 அங்குல டிஸ்க்கின் மோட்டார் 12 வோல்ட்டில்தான் சுற்றுகிறது, சர்க்யூட்டுக்கு 5. கிளம்பும் நொடியில் மோட்டார் 2 ஆம்பியர் வரை இழுக்கும். எஸ்எம்பிஎஸ் தளர்ந்தால் முதலில் மூச்சு வாங்குவது ஹார்ட் டிஸ்க்தான். ஆனால் அப்படி இறங்கினால் பக்கத்து 1 டிபியும் சேர்ந்து விழ வேண்டுமே, அது அசையவில்லையே. ஊகம் எதற்கு, அளந்துவிடலாம். வெள்ளை முனையில் மஞ்சள் 12, சிவப்பு 5, நடுவில் இரண்டு கறுப்பும் எர்த். வீடியோ ரெண்டர் ஓடும்போது மல்டிமீட்டரை வைத்துப் பாருங்கள். 11.4க்குக் கீழே அல்லது 4.75க்குக் கீழே போனால் வேகப்புலி ஜெயித்தார். மீட்டரின் இரண்டு முனையும் ஒன்றையொன்று தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

மாற்றுவதாக இருந்தால் ஒன்று. ஒயர்கள் தனியாகக் கழலும் எஸ்எம்பிஎஸ் வாங்கினால், அதோடு வந்த ஒயர்களை மட்டும்தான் போட வேண்டும். டிஸ்க் பக்கம் முனை எல்லாவற்றிலும் ஒன்று, எஸ்எம்பிஎஸ் பக்கம் கம்பெனிக்குக் கம்பெனி வரிசை மாறும். பழைய ஒயர் நன்றாகத்தானே இருக்கிறது என்று செருகி, 5 வோல்ட் போக வேண்டிய இடத்தில் 12 போய், ஒரே நொடியில் நான்கு டிஸ்க் எரிந்த பெட்டி ஒன்று என் மேஜைக்கு வந்திருக்கிறது.

23. மாடிவீட்டு சர்வர் (புதன், காலை 11.00)

இணைப்புத் துண்டை எல்லோரும் திட்டுகிறீர்கள். என் டிஸ்க் அது இருந்தால்தான் ஓடுகிறது! யுஎஸ்பி வெளி டிஸ்க்கைப் பிரித்து உள்ளே இருந்ததை எடுத்து டெஸ்க்டாப்பில் போட்டேன். நேரடி சாட்டா பவரில் சுற்றவே இல்லை, பிணம் மாதிரி கிடந்தது. வெள்ளை முனை வழியாகக் கொடுத்ததும் எழுந்துவிட்டது. இது என்ன கணக்கு?

24. முனையம் (புதன், பகல் 12.20)

அது மூன்றாவது தகட்டின் வேலை. புதிய சாட்டா விதியில் அந்தத் தகட்டுக்கு "வெளியிலிருந்து டிஸ்க்கை அணைக்கும் பொத்தான்" என்ற பொறுப்பைக் கொடுத்துவிட்டார்கள். அதில் 3.3 வோல்ட் வந்தால் டிஸ்க் தூங்கிக்கொண்டே இருக்கும். பெரிய டேட்டா சென்டர்களில் தொங்கிப்போன டிஸ்க்கை ஆள் போகாமல் அணைத்து ஏற்றுவதற்காக வந்த வசதி. பழைய எஸ்எம்பிஎஸ்கள் வழக்கப்படி அந்தத் தகட்டில் எப்போதும் 3.3 கொடுத்துக்கொண்டே இருக்கும். வெள்ளை முனையில் 3.3 வோல்ட்டே கிடையாது, அதனால் உங்கள் டிஸ்க் எழுந்தது.

இணைப்புத் துண்டு வேண்டாமென்றால், டிஸ்க் பக்கத்தில் முதல் மூன்று தகடுகளை மூடுவது போல காப்டன் டேப் மெல்லியதாக ஒரு துண்டு ஒட்டுங்கள், மஞ்சளாகச் சூடு தாங்கும் டேப். செல்லோ டேப் கூடாது, இளகி வழிந்துவிடும். இப்படி ஒரு டிஸ்க்கை "செத்துவிட்டது" என்று எத்தனை பேர் தூக்கிப் போட்டார்களோ.

25. மின்வெட்டு நண்பன் (புதன், மாலை 5.30)

நடுவில் நுழைவதற்கு மன்னியுங்கள். எனக்குத் தினமும் ஒரு தடவை கரண்ட் போகும், போய் வந்த பிறகு ஆன் செய்தால் நீலத் திரை. பயாஸில் போய் சாட்டா மோடை ஏஎச்சிஐ என்று மாற்றினால் விண்டோஸ் வருகிறது. மறுநாள் மறுபடி அதே. தேதியும் 2015 என்று காட்டுகிறது. டிஸ்க்கா, கேபிளா?

26. ஈரோடு சர்வீஸ் (புதன், மாலை 6.00)

இரண்டும் இல்லை, தேதி சொல்லிவிட்டதே. மதர்போர்டில் சில்லறைக் காசு அளவில் சிஆர்2032 என்று ஒரு பேட்டரி இருக்கும். அது தீர்ந்துவிட்டது. கரண்ட் போனதும் பயாஸ் எல்லாவற்றையும் மறந்து, பிறந்த நாள் அமைப்புக்குப் போய்விடுகிறது. உங்கள் போர்டுக்கு அந்தப் பிறந்த நாள் சாட்டா மோட் ஐடிஇ அல்லது ரெய்ட் போல, விண்டோஸ் எதிர்பார்ப்பது ஏஎச்சிஐ, அதனால்தான் நீலத் திரை. பேட்டரி மாற்றி, தேதியும் மோடும் ஒரே ஒரு தடவை வைத்துவிடுங்கள்.

27. தென்காசி கேமரா (ஞாயிறு, இரவு 9.40)

பத்து நாள் கழித்து வருகிறேன், முகூர்த்த சீசன்.

டிவிடி முனை 4 டிபி வரை எட்டவில்லை. டிஸ்க்கைக் கூண்டில் இரண்டு தட்டு மேலே ஏற்றித் திருகினேன், எட்டியது. ஒயர் மூடியில் படாமல் உள்பக்கமாகக் கட்டிவிட்டேன். ரெண்டர் ஓடும்போது அளந்தது: 11.8, 5.02. மன்னிக்கவும் வேகப்புலி.

இன்றைய கணக்கு: எஸ்எஸ்டி 2938, ஹார்ட் டிஸ்க் 1911. இரண்டும் அந்தச் செவ்வாயிலிருந்து இருபத்து நான்கு இருபத்து நான்காக ஏறியிருக்கின்றன. சி7 அதே 1484. 157 புதிதாக ஒன்றுமில்லை. மூடி போட்டுத்தான் ஓடுகிறது.

ஆல்பம் இரண்டும் கொடுத்தாயிற்று. அட்வான்ஸ் பணத்தில் ஒரு யுஎஸ்பி டிஸ்க் வாங்கினேன், ஒவ்வொரு நிகழ்ச்சியும் அதிலும் போகிறது. கருகிய துண்டை ஸ்டுடியோ சுவரில் ஆணியில் மாட்டியிருக்கிறேன். பையன்கள் என்னவென்று கேட்கிறார்கள்.

28. வேகப்புலி (ஞாயிறு, இரவு 9.55)

11.8 என்றாலும் ஏழு வயது ஏழு வயதுதான். அடுத்த சீசனில் பேசுவோம்.

29. புதுவரவு (திங்கள், காலை 7.15)

எனக்கும் ஹார்ட் டிஸ்க் காணவில்லை. லேப்டாப். தண்ணீர் கொட்டியது. என்ன செய்ய?

30. ஈரோடு சர்வீஸ் (திங்கள், காலை 7.20)

ஆன் செய்யாதீர்கள். தனி இழை தொடங்குங்கள், வருகிறேன்.